'நம்ம' என்னும் சொல்லும் ஓர் ஏரிப்படுகையும்: பெங்களூரு மெஜஸ்டிக் நிலத்தடி நிலையத்தின் கதை

பெங்களூரு மெட்ரோவின் ஊதாத் தடமும் பச்சைத் தடமும் குறுக்கிடும் நிலத்தடி நிலையத்தின் அதிகாரப்பூர்வமான பெயர் 'நாடபிரபு கெம்பெகௌடா நிலையம், மெஜஸ்டிக்' என்பது. ஒரே பலகையில் இரண்டு பெயர்கள் உள்ளன. முதலாவது, பதினாறாம் நூற்றாண்டில் நகரை நிறுவியதாகப் போற்றப்படும் குறுநிலத் தலைவரின் பெயர். இரண்டாவது, அப்பகுதியில் முன்பு இருந்த ஒரு திரையரங்கின் பெயர். அரங்கு மறைந்துவிட்டது, ஆனால் பேருந்து நடத்துநரும் ஆட்டோ ஓட்டுநரும் பயணியும் இன்றும் சொல்வது 'மெஜஸ்டிக்' என்பதைத்தான். மக்கள் வழக்கு அவ்வளவு வலுவாக இருந்ததால் அரசு தன் பெயரைச் சூட்டிய பின்னும் ஒரு காற்புள்ளியிட்டு அதையும் சேர்த்துக்கொள்ள நேர்ந்தது.

அந்த இடத்துக்கு மூன்றாவது பெயர் ஒன்றும் உண்டு. அது பலகையில் இல்லை. தர்மாம்புதி என்னும் ஏரியின் பெயர் அது. இன்று பேருந்துகள் நிற்கும் தரையும், அதன் அருகே ரயில்கள் குறுக்கிடும் ஆழமும் அந்த ஏரிப் பகுதியைச் சேர்ந்தவை. இந்த நிலையத்தின் வரலாற்றை அறிய விரும்புவோர், சுரங்கம் தோண்டப்பட்ட பத்தாண்டுகளோடு நிற்காமல், அந்த மூன்றாவது பெயரிலிருந்து தொடங்குவதே முறை.

1. ஏர்களும் ஏரிகளும்

பெங்களூரு என்னும் பெயர் கெம்பெகௌடருக்கு முற்பட்டது. நகரின் தெற்கே பேகூர் நாகேசுவரர் கோயிலில் உள்ள, ஏறத்தாழ கி.பி. 890ஐச் சேர்ந்த வீரக்கல் ஒன்று 'பெங்களூருப் போரை'க் குறிப்பிடுகிறது. தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. ஆயினும் இன்றைய நகரின் கருவாக அமைந்த பேட்டை, விசயநகரப் பேரரசுக்கு உட்பட்ட எலகங்கத் தலைவர் கெம்பெகௌடரால் 1537இல் மண்கோட்டையோடு நிறுவப்பட்டது என்பதே வரலாற்று மரபு. தொட்டபேட்டையும் சிக்கபேட்டையும் சந்திக்கும் இடத்திலிருந்து நான்கு இணைக் காளைகள் நான்கு திசைகளிலும் ஏர் ஓட்ட, அந்த உழவுச் சால்களே நகரின் முதல் வீதிகளாயின என்று அம்மரபு கூறும்.

ஆற்றங்கரையில் பிறவாத நகரம் பெங்களூரு. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரமுள்ள மேட்டுநிலத்தில் பேராறு எதுவும் ஓடவில்லை. எனவே மழைநீரைத் தடுத்து நிறுத்தும் ஏரிகளே ஊரை உயிர்ப்பித்தன. தர்மாம்புதி, கெம்பாம்புதி, சம்பங்கி, காரஞ்சி முதலிய ஏரிகளை மரபு கெம்பெகௌடர் காலத்தோடு இணைத்துப் பேசுகிறது. 'அம்புதி' என்பது கடலைக் குறிக்கும் வடசொல். கடலே காணாத மேட்டுநிலத்தில் வெட்டிய நீர்நிலைக்கு அறக்கடல் என்று பெயரிட்டிருக்கிறார்கள்.

ஏரிக்குக் கன்னடத்தில் வழங்கும் பொதுச்சொல் 'கெரெ'. இது தமிழில் அணையையும் கரையையும் குறிக்கும் 'சிறை' என்னும் பழஞ்சொல்லோடும், தெலுங்கில் குளத்தைக் குறிக்கும் 'செருவு' என்பதோடும் உறவுடையது. மொழிமுதல் ககரம் இகர, எகரங்களுக்கு முன் தமிழிலும் தெலுங்கிலும் சகரமாக மாறியது. கன்னடம் பழைய ககரத்தைக் காத்துக்கொண்டது. தமிழ்ச் 'செவி' கன்னடத்தில் 'கிவி'. தமிழில் சிவப்பைக் குறிக்கும் 'செம்' கன்னடத்தில் 'கெம்பு'. கெம்பெகௌடர் பெயரின் முன்பகுதியும் இக்குடும்பச் சொல்லே. ஊதாத் தடத்தின் பையப்பனஹள்ளி என்னும் நிலையப் பெயரில் வரும் 'ஹள்ளி', தமிழ்ப் 'பள்ளி'யின் உடன்பிறப்பு. அங்கே மாறியது கன்னடம், பகரத்தைக் காத்தது தமிழ். இரு மொழிகளும் ஒன்றிலிருந்து பிரிந்து, வெவ்வேறு பழமைகளைக் காத்து வருபவை என்பதற்கு மெட்ரோ வரைபடமே ஒரு சிறு பாடநூல் போல அமைந்திருக்கிறது.

2. நீர் போன வழி

1809இல் ஆங்கிலேயர் பேட்டைக்கு வடகிழக்கே படைமுகாம் ஒன்றை அமைத்தனர். அதுவே கண்டோன்மென்ட். படைவீரர், கூலித்தொழிலாளர், வணிகர், வீட்டுப் பணியாளர் எனப் பெருந்தொகையான தமிழர் சென்னை மாகாணத்திலிருந்து அங்கே குடியேறினர். பழைய பேட்டையில் கன்னடமும் தெலுங்கும் உருதும் மராத்தியும் வழங்க, கண்டோன்மென்ட்டில் ஆங்கிலமும் தமிழும் உருதும் ஓங்கின. 1881இல் மைசூர் அரசு உடையார் மரபிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டபோதும் கண்டோன்மென்ட் ஆங்கிலேயர் கையிலேயே இருந்தது. இரண்டும் ஒரே மாநகராட்சியின்கீழ் இணைந்தது 1949இல்தான். அதுவரை அவை அருகருகே அமைந்த இரண்டு நகரங்கள். இடையே பரந்த கப்பன் பூங்கா, எல்லைக்கோடு போல இருந்தது.

இரண்டு நகரங்களுக்கும் ரயில் தனித்தனியாகவே வந்தது. 1864இல் சோலையார்பேட்டையிலிருந்து கண்டோன்மென்ட் வரை அகலப்பாதை திறக்கப்பட்டது. அது சென்னையை நோக்கியது. மைசூரை நோக்கிய மீட்டர் பாதை 1882இல் நிறைவுற்றது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய பெரும்பஞ்சத்தின்போது நிவாரணப் பணியாகவும் அதன் வேலைகள் நடந்தன. நகர ரயில் நிலையம் தர்மாம்புதியின் மேற்கே எழுந்தது.

ஏரியின் முடிவு ஒரே நாளில் நிகழவில்லை. ரயில் பாதைகளும் சாலைகளும் நீர்வரத்துக் கால்களின் போக்கைக் குலைத்தன. 1898இல் கொள்ளைநோய் தாக்கியபின், நெரிசலான பேட்டையிலிருந்து மக்களை வெளியேற்றக் காற்றோட்டமான புதிய குடியிருப்புகள் விரைந்து வளர்ந்தன. வடக்கே மல்லேசுவரம் அவற்றுள் ஒன்று. இதற்கிடையே 1890களில் ஆர்க்காவதி ஆற்றின் எசரகட்டா நீர்த்தேக்கத்திலிருந்து குழாய் நீர் நகருக்கு வரத் தொடங்கியது. குழாயில் நீர் வந்தபின் ஏரியைக் காக்க வேண்டிய தேவை குறைந்தது. தூர் வாரப்படாத ஏரி மெல்ல மெல்ல நிலமாயிற்று. பயன் நின்ற பிறகே ஏரி இறக்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டிலும் சான்றுகள் பல. மதுரையிலும் சென்னையிலும் கண்மாய்களும் ஏரிகளும் பேருந்து நிலையங்களாகவும் நீதிமன்றங்களாகவும் குடியிருப்புகளாகவும் மாறிய வரலாறு இதற்கு அயலானதன்று.

வற்றிய தர்மாம்புதி சுபாஷ் நகர்த் திடலாயிற்று. பொதுக்கூட்டங்களும் பொருட்காட்சிகளும் நடைபெறும் வெளியாகச் சில பத்தாண்டுகள் அது விளங்கியது. பின்னர் பேருந்துகள் வந்தன. 1980களில் கெம்பெகௌடா பேருந்து நிலையம் முழுவடிவம் பெற்றது. சுற்றிலும் திரையரங்குகளும் தங்கும் விடுதிகளும் பெருகின. பிழைப்புத் தேடி வந்தவர் முதற்காலடி வைக்கும் இடம் என்ற பொருளை 'மெஜஸ்டிக்' என்னும் சொல் பெற்றது. தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் வேலூரிலிருந்தும் சென்ற தமிழ்த் தொழிலாளர் பலருக்கும் பெங்களூரு என்றால் முதலில் நினைவுக்கு வந்தது மெஜஸ்டிக்கே.

சம்பங்கி ஏரியின் கதையையும் இங்கே நினைவுகூர வேண்டும். அதன் பெரும்பகுதி இன்று கண்டீரவா விளையாட்டரங்கம். எஞ்சியிருப்பது ஒரு சிறு குளம். தர்மராயர் கோயிலின் கரகத் திருவிழாச் சடங்குகளில் அது இன்றும் இடம்பெறுகிறது. கரகத்தை நடத்துவோர் தோட்டப்பயிர்த் தொழிலில் தேர்ந்த திகளர் சமூகத்தினர். 'திகளர்' என்பது கன்னடத்தில் தமிழரைக் குறித்த பழஞ்சொல். நகரின் மிகப் பழைய பொதுவிழா என்று பெங்களூரு கொண்டாடுவதை, பெயரிலேயே தமிழ்த் தொடர்பு கொண்ட சமூகம் நடத்துகிறது. ஏரி சுருங்கியபோது அதை நம்பியிருந்த அவர்களுடைய தோட்டங்களும் சுருங்கின.

3. நிலத்துக்குக் கீழே செல்வதென்ற முடிவு

நகர ரயில் நிலத்தடிக்குச் சென்றது லண்டனில். 1863 ஜனவரி 10 அன்று பாடிங்டனுக்கும் ஃபாரிங்டனுக்கும் இடையே நீராவி எஞ்சினோடு அது ஓடத் தொடங்கியது. சாலையைத் தோண்டி, தடம் அமைத்து, மேலே மூடும் முறையில் அது கட்டப்பட்டது. 1890இல் அதே நகரில் மின்சார ரயில், மண்ணைக் குடைந்து அமைத்த ஆழ்ந்த குழாய்ச் சுரங்கத்தில் ஓடியது. இன்றுவரை உலகின் நிலத்தடி நிலையங்கள் யாவும் தோண்டி மூடுதல், குடைதல் என்னும் இவ்விரு முறைகளின் வழித்தோன்றல்களே. இந்தியாவில் முதன்முதலாக 1984 அக்டோபர் 24 அன்று கொல்கத்தாவில் நிலத்தடி ரயில் ஓடியது. டெல்லியின் நிலத்தடிப் பகுதி 2004 டிசம்பரில் தொடங்கியது.

பெங்களூருவில் 1994இலேயே ஒரு நிறுவனம் அமைக்கப்பட்டு இலகு ரயில் திட்டம் பேசப்பட்டது, அது நிறைவேறவில்லை. பின்னர் டெல்லி மெட்ரோ நிறுவனம் விரிவான திட்ட அறிக்கை தயாரித்தது. 2006 ஜூன் 24 அன்று பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். ஒன்றிய அரசும் கர்நாடக அரசும் சமபங்கு கொண்ட பெங்களூரு மெட்ரோ ரயில் கழகம் பணியை மேற்கொண்டது. முதற்கட்டத்தின் மொத்த நீளம் 42.3 கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ 8.8 கிலோமீட்டர் மட்டுமே நிலத்தடியில் சென்றது. ஏனைய பகுதி பெரும்பாலும் தூண்கள்மேல் எழுந்த பாலமே.

அந்த 8.8 கிலோமீட்டர் எங்கே அமைந்தது என்பது கவனத்துக்குரியது. சட்டமன்றக் கட்டடமான விதான சௌதா, நீதிமன்றம், மத்தியக் கல்லூரி, மெஜஸ்டிக், பழைய பேட்டைகள், கிருஷ்ணராசேந்திரச் சந்தை ஆகிய இடங்களின் கீழே அது சென்றது. தூண் நிறுத்த இடமில்லாத குறுகிய வீதிகள் ஒருபுறம். மறைக்கக் கூடாத அரசுக் கட்டடங்களின் முகப்பு மறுபுறம். நகரின் பழைமையும் அதிகாரமும் எங்கெங்கு அடர்ந்திருந்தனவோ அங்கெல்லாம் ரயில் தரைக்குக் கீழே இறங்கியது. நடுத்தர மக்களின் வீதிகளில் அது தலைக்குமேல் சென்றது.

4. குழியும் பாறையும்

மெஜஸ்டிக் நிலையம் தோண்டி மூடும் முறையில் அமைந்தது. பேருந்து நிலைய வளாகத்தின் ஒரு பகுதி வேலியிடப்பட்டு ஆண்டுக்கணக்கில் பெரும் பள்ளமாகக் கிடந்தது. அந்தப் பள்ளத்துக்குள் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு தடங்களுக்கான நடைமேடைகளை அமைக்க வேண்டியிருந்தது. கிழக்கு மேற்காகச் செல்லும் ஊதாத் தடம் மேலடுக்கில் உள்ளது; வடக்குத் தெற்காகச் செல்லும் பச்சைத் தடம் அதற்கும் கீழே கடக்கிறது. ஒரு தடத்திலிருந்து மறு தடத்துக்கு மாறுவோர் நகரும் படிக்கட்டுகள் வழியே இறங்கவோ ஏறவோ வேண்டும். பயணச்சீட்டு, சோதனை, தடமாற்றம் ஆகிய மூன்று வகைக் கூட்டமும் ஒன்றையொன்று மறிக்காதபடி இடம் பகுப்பதே இத்தகைய சந்திப்பு நிலைய வடிவமைப்பின் முதற்சிக்கல்.

இரண்டாவது சிக்கல் நீர். நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே அமையும் எந்தக் கான்கிரீட் பெட்டியும் ஒரு படகைப் போல மேலெழ முயலும். கட்டடத்தின் எடையும், கூரைமேல் நிரப்பும் மண்ணின் எடையும், தேவையெனில் பாறையில் பதிக்கும் நங்கூரங்களும் சேர்ந்தே அதைக் கீழே நிறுத்துகின்றன. சுற்றுப்புற மழைநீர் இயல்பாகவே வந்து சேர்ந்த தாழ்நிலத்தில்தான் முன்னோர் ஏரி அமைத்தனர். அதே தாழ்வில் நிலையம் அமைப்பவர் நீரைத் தேக்குவதற்கு மாறாக வெளியேற்றுவதற்கு வழி காண வேண்டியவராகிறார். நுழைவாயில்களைச் சாலைமட்டத்துக்குமேல் உயர்த்துவதும், ஓயாமல் இயங்கும் நீரேற்றிகளை வைப்பதும் நிலத்தடி நிலையங்களின் பொதுவான ஏற்பாடுகள்.

மூன்றாவது சிக்கல் பாறை. பெங்களூருவின் அடித்தளம் தீபகற்ப நைசு எனப்படும் மிகப் பழைய பாறை. லால்பாக் குன்றில் அது வெளிப்பட்டுத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டுள்ளது. அதன் அகவை ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள். முழுக்கப் பாறையாக இருந்தால் துளையிடும் எந்திரத்துக்கு வேலை மெதுவாயினும் சீராக இருக்கும். முழுக்க மண்ணாக இருந்தால் விரைவாக இருக்கும். பெங்களூருவில் வெட்டுமுகத்தின் கீழ்ப்பாதி கடும்பாறை, மேற்பாதி சிதைந்த மண், இடையிடையே உருண்டைப் பாறைகள் என்ற கலப்பு நிலையே பல இடங்களில் நேர்ந்தது. வெட்டுச் சக்கரங்கள் தேய்ந்தன. எந்திரங்கள் திங்கள் கணக்கில் நின்றன.

சுரங்க எந்திரங்களுக்குப் பெண்பெயர் சூட்டுவது உலக வழக்கம். பெங்களூருவின் முதற்கட்ட எந்திரங்கள் ஹெலன், மார்கரிட்டா, காவேரி, கிருஷ்ணா, கோதாவரி எனப் பெயர் பெற்றன. ஆறில்லாத நகரின் அடியில் தென்னாட்டின் மூன்று பேராறுகளின் பெயர் தாங்கிய எந்திரங்கள் பாறையைக் குடைந்தன. 2016 செப்டம்பரில் காவிரி நீர்ப் பங்கீட்டை முன்னிட்டு நகரில் வன்முறை வெடித்துப் பேருந்துகள் எரிக்கப்பட்டபோதும் பச்சைத் தடத்தின் நிலத்தடிப் பணி முடிவுறாமலே இருந்தது.

கிழக்கு மேற்குப் பகுதி 2016 ஏப்ரல் 29 அன்று தொடங்கிவைக்கப்பட்டு மறுநாள் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் நிலத்தடி மெட்ரோப் பாதை அது. சென்னையில் திருமங்கலம் முதல் நேரு பூங்கா வரையிலான நிலத்தடிப் பகுதி 2017 மே 14 அன்று தொடங்கியது. மெஜஸ்டிக்கின் கீழடுக்கு, குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி 2017 ஜூன் 17 அன்று பச்சைத் தடத்தின் எஞ்சிய பகுதியைத் தொடங்கிவைத்தபோதே உயிர்பெற்றது. அடிக்கல் நாட்டி அப்போது 11 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஓராண்டுக்கு மேலாக மேலடுக்கில் மட்டும் ரயில் ஓட, கீழடுக்கு காத்திருந்தது.

அன்று முதல் 2025 ஆகஸ்டில் மஞ்சள் தடம் திறக்கப்படும்வரை, நகரின் மெட்ரோ வலையில் தடம் மாறக்கூடிய ஒரே நிலையமாக மெஜஸ்டிக் இருந்தது. கிழக்கே ஒயிட்ஃபீல்டுக்குப் போக வேண்டியவரும், தெற்கே பட்டுத்தொழில் நிறுவனம் வரை போக வேண்டியவரும் ஒரே படிக்கட்டுகளில் உராய்ந்து சென்றனர். வடிவமைப்பின் குறைகளும் அந்த நெரிசலில் வெளிப்பட்டன. சென்னையின் நிலத்தடி நிலையங்களில் தொடக்கத்திலிருந்தே நடைமேடை ஓரத்தில் கண்ணாடித் தடுப்புக் கதவுகள் இருந்தன. பெங்களூருவின் முதற்கட்ட நிலையங்கள் அவை இல்லாமலே திறக்கப்பட்டன. செலவைக் கருதிய அந்த முடிவின் விலை, பிற்காலத்தில் பயணிகள் தண்டவாளத்தில் விழுந்த நிகழ்வுகளின்போது பொதுவிவாதமாயிற்று.

5. எல்லைக்கோட்டின் அடியில்

ஊதாத் தடத்தின் நிலத்தடிப் பகுதியில் ஐந்து நிலையங்கள் உள்ளன. கப்பன் பூங்கா, விதான சௌதாவை ஒட்டிய அம்பேத்கர் நிலையம், மத்தியக் கல்லூரியை ஒட்டிய விசுவேசுவரய்யா நிலையம், மெஜஸ்டிக், நகர ரயில் நிலையத்தை ஒட்டிய சங்கொள்ளி ராயண்ணா நிலையம் என்பன அவை. இவற்றின் பெயர் வரிசையை நகரம் தன்னைப் பற்றி எழுதிய சுருக்க வரலாறாக வாசிக்கலாம். ஆங்கிலேய ஆணையர் மார்க் கப்பனின் பெயர் தாங்கிய பூங்கா முதலில் வருகிறது. அரசியலமைப்பை வரைந்த குழுவின் தலைவரும், மைசூரின் பொறியாளரும் திவானுமானவரும், நகரை நிறுவிய தலைவரும் அடுத்தடுத்து வருகின்றனர். இறுதியில் நிற்பவர் ஆங்கிலேயரை எதிர்த்து 1831இல் தூக்கிலிடப்பட்ட கித்தூர் வீரர்.

புவியியல் நோக்கில் இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. கிழக்கிலிருந்து இந்திராநகர், அல்சூர், டிரினிடி, எம்.ஜி. சாலை என்று பழைய கண்டோன்மென்ட்டின் மேலே பாலத்தில் வரும் ரயில், கப்பன் பூங்காவில் நிலத்துக்குள் நுழைகிறது. பழைய பேட்டைக்கு அப்பால் மேற்கே சென்ற பிறகே மீண்டும் வெளிச்சத்துக்கு வருகிறது. ஒரு காலத்தில் இரு ஆட்சிகளைப் பிரித்த எல்லையின் அடியில், எவரும் கவனியாதபடி, சில நிமிடங்களில் அது கடந்துவிடுகிறது. கண்டோன்மென்ட்டின் தமிழும் பேட்டையின் கன்னடமும் ஒரே பெட்டியில் பயணிக்கின்றன. கெம்பெகௌடரின் நான்கு ஏர்கள் நான்கு திசைக்கும் பிரிந்ததாகச் சொல்லப்படும் இடம், மெஜஸ்டிக்கிலிருந்து பச்சைத் தடத்தில் அடுத்த நிலையமான சிக்கபேட்டைப் பகுதியில் உள்ளது. நகரம் தன் நாற்றிசைக் குறுக்குவெட்டை மீண்டும் ஒருமுறை, சற்றே வடமேற்கில், ஏரிப்படுகையின் ஆழத்தில் அமைத்துக்கொண்டது.

6. பலகையில் எந்த மொழி

பச்சைத் தடம் திறந்த சில நாட்களிலேயே மெஜஸ்டிக் மற்றொரு காரணத்தால் நாடெங்கும் பேசப்பட்டது. நிலையங்களின் அறிவிப்புப் பலகைகள் கன்னடம், ஆங்கிலம், இந்தி ஆகிய மும்மொழிகளில் இருந்தன. 'நம்ம மெட்ரோ, இந்தி வேண்டாம்' என்னும் பொருள் தரும் கன்னட முழக்கம் 2017 ஜூனில் சமூக ஊடகங்களில் பரவியது. ஜூலையில் மெஜஸ்டிக், சிக்கபேட்டை நிலையங்களில் இந்தி எழுத்துகள் மறைக்கப்பட்டன. கன்னட அமைப்பினர் சில இடங்களில் கறுப்புச் சாயம் பூசினர். முதலமைச்சர் சித்தராமையா ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதினார். இந்தி இல்லாத பலகைகளே நிலைபெற்றன.

இதன் சட்டப் பின்னணி தமிழ் வாசகர் அறிய வேண்டியது. 1976ஆம் ஆண்டின் அலுவல்மொழி விதிகள், ஒன்றிய அரசு அலுவலகங்களின் பெயர்ப்பலகைகளில் இந்தியும் ஆங்கிலமும் இடம்பெற வேண்டும் என்கின்றன. அவ்விதிகள் தமிழ்நாட்டுக்குப் பொருந்தா என்று அவற்றின் தொடக்கத்திலேயே கூறப்பட்டுள்ளது. கர்நாடகத்துக்கு அத்தகைய விலக்கு இல்லை. சமபங்கு நிறுவனமான மெட்ரோ கழகம் ஒன்றிய அரசின் அலுவலகமா, மாநிலத்தின் நிறுவனமா என்பதே விவாதத்தின் உள்முடிச்சு. 1950களில் திராவிட இயக்கத்தினர் தமிழ்நாட்டு ரயில் நிலையங்களில் தாரும் தூரிகையும் கொண்டு இந்தி எழுத்துகளை அழித்த காட்சி, ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்குப் பின் அண்டை மாநிலத்தின் நிலத்தடியில் மீண்டும் நிகழ்ந்தது. தமிழ்நாட்டில் பலர் அதை மகிழ்வோடு வரவேற்றனர்.

அந்த மகிழ்ச்சியோடு சேர்த்து நினைக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை அடுத்து 1991 டிசம்பரில் பெங்களூருத் தமிழர் தாக்கப்பட்டனர். அல்சூர் ஏரிக்கரையில் அவ்வாண்டு நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்றுதான் திறக்கப்பட்டது. அடுத்த சில நாட்களில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை சென்னையில் திறக்கப்பட்டது. மெட்ரோவின் அல்சூர் நிலையம் அந்த வள்ளுவர் சிலை நிற்கும் பகுதிக்கே பெயரளவிலும் அண்மையிலும் உரியது. மொழியைக் காக்கும் உணர்வும், மொழியால் அயலவரைப் பிரிக்கும் உணர்வும் ஒரே நகரில், சில நேரங்களில் ஒரே மனிதரில், அருகருகே இருக்கின்றன.

7. 'நம்ம' யார்

பெங்களூரு மெட்ரோவின் பெயர் 'நம்ம மெட்ரோ'. இதைத் தமிழர் மொழிபெயர்க்கத் தேவையில்லை. பேச்சுத்தமிழிலும் அது 'நம்ம மெட்ரோ'தான். எனினும் ஒலியில் ஒன்றாக இருக்கும் இச்சொல் பொருளில் முழுக்க ஒன்றல்ல. தமிழ் தன்மைப் பன்மையை இரண்டாகப் பகுக்கிறது. கேட்பவரையும் உளப்படுத்தினால் 'நாம்', 'நம்ம'. அவரை நீக்கினால் 'நாங்கள்', 'எங்க'. பழங்கன்னடத்தில் இத்தகைய வேறுபாட்டின் தடங்கள் இருந்தன. இன்றைய கன்னடத்தில் 'நாவு' என்னும் ஒரே சொல்லும், அதன் உடைமை வடிவமான 'நம்ம' என்பதும் இரு பொருளையும் தாங்குகின்றன. ஒருவர் தம் விருந்தினரிடம் 'நம்ம மனெ' என்னும்போது, அந்த வீடு விருந்தினருக்கும் உரியதா, சொல்பவர் குடும்பத்துக்கு மட்டும் உரியதா என்பதைச் சொல் காட்டாது; சூழலே காட்டும்.

எனவே மெஜஸ்டிக் நிலையத்தில் 'நம்ம மெட்ரோ' என்று வாசிக்கும் தமிழர், தம் மொழியின் இலக்கணப்படி, அழைக்கப்பட்டவராகத் தம்மைக் கருதிக்கொள்கிறார். கன்னட இலக்கணம் அந்த உறுதியை அளிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. 'எங்களுடையது', 'நம்முடையது' என்னும் இரண்டையும் அது திறந்தே வைத்திருக்கிறது. 2017இன் முழக்கத்தில் 'நம்ம' என்பது இந்தியைத் திணிப்பவரை விலக்கியது. காலைநேர நெரிசலில் பிதாரிலிருந்தும் சேலத்திலிருந்தும் பாட்னாவிலிருந்தும் வந்தவர் ஒரே படிக்கட்டில் இறங்கும்போது அச்சொல்லுக்குப் பரந்த பொருள் ஒன்றே நடைமுறையில் நிற்க முடியும். எந்தப் பொருள் வெல்லும் என்பதை இலக்கணம் தீர்மானிப்பதில்லை. பலகையில் உள்ளூர் மொழிக்கு முதலிடம் தருவதும், அந்த மொழியைக் கற்க வந்தேறியவர் காட்டும் முனைப்பும், வந்தவரை அஞ்சாமல் வாழவிடும் நகரின் பண்புமே தீர்மானிக்கும்.

இந்தக் கணக்கில் ஏரியையும் சேர்க்க வேண்டும். கெம்பெகௌடருக்குப் பலகை உண்டு; மறைந்துபோன திரையரங்குக்கும் உண்டு. அவர் காலத்தோடு மரபு இணைக்கும் தர்மாம்புதிக்கு நிலையத்தின் பெயரில் இடமில்லை. காளேன அக்ரகாரத்திலிருந்து நாகவாரா வரையிலான இளஞ்சிவப்புத் தடத்துக்காக 13 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நிலத்தடிப் பாதை குடையப்பட்டிருக்கிறது. முதற்கட்டச் சுரங்கத்தைவிட அது நீளம். நகரின் அடிநிலம் இனி மேலும் மேலும் பயன்படுத்தப்படும். அதைத் தோண்டும் ஒவ்வொரு முறையும் முன்பு அங்கே நீர் எங்கிருந்து வந்தது, எங்கே சென்றது என்னும் பழைய கேள்விக்குப் பொறியாளர் விடை காண வேண்டியிருக்கும். ஏரியின் பெயரைப் பொதுமக்கள் மறந்திருக்கலாம். நிலையத்தின் நீரேற்றிகளை இயக்குவோர் மறக்க இயலாது.

கீழ் நடைமேடையில் ஒரு சிறு பலகையில் 'இங்கே தர்மாம்புதிக் கெரெ இருந்தது' என்று கன்னடத்தில் எழுதிவைக்க அதிகச் செலவாகாது. அதை வாசிக்கும் தமிழரும் தெலுங்கரும் 'கெரெ'யில் தம் சிறையையும் செருவையும் அடையாளம் காணக்கூடும். அவ்வாறு காணும் நாளில் அந்த 'நம்ம' நீங்கலாக எவரும் இல்லாத சொல்லாகச் சற்றே நெருங்கியிருக்கும்.